மடக்கு சைக்கிளுக்கு மோட்டார் மாட்டுகிறீர்களா? ரெயூனியன் மேட்டில் மாட்டிக்கொள்ளாதீர்கள்

ரெயூனியன் தீவின் தலைநகர் சேன் தெனிக்குள் காலை நெரிசலில் காருக்குள் உட்கார்ந்திருக்கும் எல்லாருக்கும் ஒருநாள் இந்த யோசனை வரும்: காரை ஊருக்கு வெளியே நிறுத்திவிட்டு, டிக்கியிலிருந்து மடக்கு சைக்கிளை இறக்கி மிதித்துக்கொண்டு போனால் என்ன? கூடவே இன்னொன்றும் வரும்: இந்த மேட்டில் யார் மிதிப்பது, ஒரு மோட்டாரைப் போட்டுக்கொள்ளலாம், வேண்டாதபோது கழற்றி வைத்துவிடலாம். இரண்டும் நல்ல யோசனைதான். ஆனால் பெரும்பாலானவர்கள் சாதாரண சைக்கிளுக்கு வாங்குவதுபோலவே மோட்டார், பேட்டரி, வயர் அடங்கிய கிட்டை வாங்கிவிடுகிறார்கள். மடக்கு சைக்கிளின் ஃபோர்க் (முன்சக்கரத்தைப் பிடிக்கும் கவை) அளவு வேறு, ரிம் (சக்கர வளையம்) அளவு வேறு, அதற்கு மேல் அது மடியவும் வேண்டும். மடியாத மடக்கு சைக்கிள் வெறும் குட்டிச் சைக்கிள்.

முதலில், கிட்டில் எது கழலும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். முன்சக்கரத்தின் நடுக்குடமான ஹப்புக்குள் மோட்டார் இருக்கும் வகையில் கழன்று வருவது பேட்டரி மட்டும். மோட்டார் சக்கரத்தோடு அங்கேயே கிடக்கும், ஒன்றரை இரண்டு கிலோ கூடும். டயரின்மேல் உருளை உரசித் தள்ளும் வகையில் மோட்டாரே மொத்தமாகக் கழன்றுவிடும். விளம்பரத்தில் இரண்டுக்கும் ஒரே பெயர்தான்.

உருளை வகையைப் பற்றி ஒரே வரியில் சொல்கிறேன்: மழையில் வழுக்கும். சேன் போல், சேன் ஜில் பக்கம் வறண்ட கரையில் இருப்பவர்கள் டயரில் காற்றை விறைப்பாக வைத்துக்கொண்டு அதில் சந்தோஷமாக ஓட்டலாம். சேன் பெனுவா, சேன்ட் ரோஸ் பக்கம் இருப்பவர்கள் அதை நினைக்கவே வேண்டாம். 1966-இல் 24 மணி நேரத்தில் 1,825 மி.மீ. மழை கொட்டி உலக சாதனை படைத்த தீவு இது.

ஹப் மோட்டாருக்கு வருவோம். அளக்காமல் ஆர்டர் போடுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. ஃபோர்க்கின் இரு கால்களுக்கு நடுவே அச்சு (ஆக்சில்) உட்காரும் இடைவெளி சாதாரண சைக்கிளில் 100 மி.மீ.; மடக்கு சைக்கிள் பிராண்டுகளான பிராம்ப்டனிலும் டாஹோனின் பல மாடல்களிலும் 74 மி.மீ. நூறுக்குச் செய்த மோட்டார் எழுபத்து நாலில் போகாது. ஃபோர்க்கை இழுத்து விரித்து நுழைக்கப் பார்ப்பவர்களும் உண்டு. அது ஃபோர்க்கைக் கெடுக்கும் வேலை. ரிம்மிலும் இதே கதை. ‘16 இஞ்ச்’ என்று இரண்டு அளவு ஓடுகின்றன, ரிம் விட்டம் மி.மீ.யில் 349-ம் 305-ம். ‘20 இஞ்ச்’சிலும் 406, 451 என்று இரண்டு. உங்களுடையது எது என்பது டயரின் பக்கவாட்டில் 37-349 என்பதுபோல அச்சாகியிருக்கும். அந்த மூன்று இலக்கத்தை எழுதி அனுப்பாமல் பணம் கட்டாதீர்கள்.

அளவு சரியாக வந்தபிறகு அடுத்த சிக்கல். சேன் ஆந்த்ரேயில் தெரிந்த தம்பி ஒருவர் போன் பண்ணிக் கேட்டார்: “அண்ணே, ஆக்சில் உள்ளே இறங்க மாட்டேங்குது. லேசா அரம் போட்டுடட்டுமா?” போடக்கூடாது. மோட்டார் ஹப்பின் ஆக்சில் முழு வட்டம் கிடையாது. இரண்டு பக்கம் தட்டையாகச் சீவியிருக்கும். மோட்டார் சக்கரத்தை முன்னால் தள்ளும்போது ஆக்சில் பின்னால் சுழலப் பார்க்கும். அதைச் சுழலவிடாமல் பிடித்துக்கொள்வது ஃபோர்க் நுனியிலுள்ள அந்தப் பிளவின் இரண்டு ஓரங்கள்தான். மேட்டில் முழு பலத்தில் இழுக்கும்போது ஆக்சில் ஒரு ஸ்பேனர் மாதிரி அந்தப் பிளவைப் பிளக்கிறது. அரம் போட்டு அகலப்படுத்தினால் பிடிமானம் போய்விடும். ஆக்சில் ஒரு சுற்றுச் சுற்றினாலே மோட்டார் வயர் முறுக்கி அறுந்துவிடும். அடுத்து சக்கரமே வெளியே வந்துவிடும். சுரண்ட வேண்டியது பெயிண்டை மட்டும். இரும்பு ஃபோர்க் என்றாலும் ஆக்சிலைச் சுழலவிடாமல் பிடிக்கும் டார்க் ஆர்ம் என்ற உலோகப் பட்டை ஒன்றைப் போட்டு ஃபோர்க் காலோடு கட்டிவிடுங்கள். பத்து இருபது யூரோ சமாச்சாரம். அலுமினிய ஃபோர்க்கில் அது இல்லாமல் ஓட்டவே கூடாது. அலுமினியம் வளைந்து எச்சரிக்காது, உடைந்துதான் சொல்லும். கார்பன் ஃபோர்க் வைத்திருப்பவர்கள் ஹப் மோட்டார் ஆசையை விட்டுவிடலாம்.

வயரைக் கட்டும்போது எல்லாரும் சைக்கிளை நிமிர்த்தி வைத்து, பார்க்க அழகாக இருக்கிறதென்று இறுக்கிக் கட்டுகிறார்கள். மடக்கினால் ஹேண்டில்பார் கீழே விழுகிற இடத்தில் வயர் கீலுக்குள் சிக்கி நசுங்கும். மடக்கிய நிலையில் எங்கே தளர்வு வேண்டுமோ அங்கே வயரை வளையமாக விட்டு, மடக்கி, விரித்து, ஹேண்டிலை இரு பக்கமும் முழுதாகத் திருப்பிப் பார்த்த பிறகுதான் பிளாஸ்டிக் டை போட்டுக் கட்டவேண்டும். மோட்டாரின் வயர் எந்தப் பக்கம் வெளிவருகிறது என்பதையும் பாருங்கள். மடிந்த சக்கரங்கள் ஒன்றோடொன்று ஒட்டி உட்காரும் பக்கத்தில் வந்தால், ஒவ்வொரு தடவை மடக்கும்போதும் அடி வாங்கும். கனமான பேட்டரிப் பையை ஹேண்டில்பாரில் தொங்கவிட்டால் ஹேண்டில்பாரைத் தாங்கும் தண்டின் (ஸ்டெம்) கீல் ஆட ஆரம்பிக்கும். பிராம்ப்டன்போல ஃபிரேமிலேயே பை மாட்டும் கட்டை இருந்தால் அதில் மாட்டுங்கள்.

இனி மேடு. 75 கிலோ ஆள், சைக்கிள், கிட், பை எல்லாம் சேர்த்து 95 கிலோ என்று வையுங்கள். 8 சதவீத ஏற்றத்தில் மணிக்கு 12 கி.மீ. வேகத்தில் ஏற, ஈர்ப்பை எதிர்க்க மட்டும் சுமார் 250 வாட் வேண்டும். சட்டம் அனுமதிக்கும் மோட்டாரின் முழு அளவே அதுதான். 100 மீட்டர் உயரம் ஏற 26 வாட்-மணி; மோட்டாரில் வீணாவதையும் சேர்த்தால் 35, 40 ஆகிவிடும். 36 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரியில் இருப்பது 252 வாட்-மணி. ஆக, மோட்டாரையே நம்பினால் அறுநூற்றுச் சொச்சம் மீட்டரில் தீர்ந்துவிடும். சேன் தெனிக்கு மேலே சுமார் 800 மீட்டர் உயரத்திலுள்ள லே ப்ரூலேக்குப் போய்ச் சேராது. அதைவிட உயரத்திலுள்ள சிலாவோஸ் பற்றிப் பேசவே வேண்டாம். பெட்டியில் போட்டிருக்கும் ‘50 கி.மீ.’ சமதரைக் கணக்கு. இங்கே கிலோமீட்டரை விட்டுவிட்டு உயரத்தை எண்ணுங்கள்.

கால்களை ஓய வைத்து 5, 6 கி.மீ. வேகத்தில் மோட்டாரை இழுக்கவிடுவது இன்னொரு தவறு. அந்த வேகத்தில் மின்சாரத்தில் பெரும்பங்கு சூடாகத்தான் போகிறது. சிறிய ஹப் மோட்டார்களுக்குள் இருக்கும் நைலான் பல்சக்கரம் இளகித் தேயும். ஹப் மூடியில் கை வைத்துச் சில விநாடி தாங்க முடியவில்லையென்றால் இறங்கி நில்லுங்கள். கியரைக் குறைத்து நீங்களும் மிதித்தால் இந்த நிலை வராது. சிறிய சக்கரத்தால் நமக்கு ஒரு லாபமும் இருக்கிறது: அதே மோட்டார் பெரிய சக்கரத்தைவிடச் சிறியதில் வலுவாகத் தள்ளும், உச்ச வேகம் குறையும். நம் ஊருக்கு அதுதான் வேண்டும். சேன் தெனியில் ஷோத்ரோனிலிருந்து புவா த நெஃப்லுக்கு 2022 முதல் ‘பாபாங்’ கம்பிவடக் கார் ஓடுகிறது. அந்த மேட்டை மோட்டார் தலையில் கட்டுவானேன்?

டிஸ்ப்ளேயில் சக்கர அளவை மாற்ற மறந்தவர்கள் மோட்டார் சோம்பேறி என்று திட்டுவார்கள். 26 இஞ்ச் என்று வைத்துவிட்டு 20 இஞ்ச் சக்கரத்தில் ஓட்டினால், நிஜ வேகம் 19-ஐத் தொடும்போதே அது சட்ட வரம்பான 25 கி.மீ. என்று நினைத்து நிறுத்திவிடும். வேண்டுமென்றே சின்ன எண்ணைப் போட்டு வேகத்தைக் கூட்டுகிற கெட்டிக்காரர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்குத்தான் இது: ரெயூனியன் பிரான்சின் மாவட்டம், ஐரோப்பியச் சட்டம் அப்படியே செல்லும். தொடர் திறன் 250 வாட், மிதித்தால் மட்டும் உதவி, 25 கி.மீ.யில் நிற்கவேண்டும். மிதிக்காமல் விரலால் அழுத்தி 6 கி.மீ.க்கு மேல் ஓடினாலும் அது சட்டத்தின் கண்ணில் சைக்கிள் இல்லை. நம்பர் பிளேட்டும் இன்சூரன்சும் வேண்டிய மொபெட். இன்சூரன்ஸ் இல்லாத மோட்டார் வண்டிக்கு அபராதம் 3,750 யூரோ வரை போகும். அபராதத்தைவிட, யாரையாவது இடித்துவிட்டால் வரும் நஷ்டஈடு தலைமுறைக்கும் தீராது.

இறக்கத்தை யாரும் யோசிப்பதில்லை. இந்த ஹப் மோட்டார்கள் இறக்கத்தில் தானே உருளும், பிடிக்காது. கூடின எடையை நிறுத்துவது பழைய ரிம் பிரேக்தான். சின்ன ரிம் சீக்கிரம் சூடேறும். விடாமல் அழுத்திக்கொண்டே இறங்கினால் டியூப் வெடிக்கலாம். விட்டுவிட்டுப் பிடியுங்கள், கிட் மாட்டும் அன்றே பிரேக் கட்டையையும் புதிதாக மாற்றுங்கள்.

கடைசியாக பேட்டரி. பாரிசுக்குப் போன மச்சானிடம் ‘வரும்போது பெட்டியில் போட்டுக் கொண்டு வா’ என்று சொல்லிவிடுகிறோம். விமானத்தில் 100 வாட்-மணி வரை கைப்பையில் கொண்டுவரலாம். 160 வரை விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும். அதற்கு மேல் பயணிக்குக் கிடையாது. நம்முடைய 252 விமான நிலையத்திலேயே தங்கிவிடும். சுமார் 90 வாட்-மணி கொண்ட குட்டிப் பேட்டரி வந்துசேரும், ஆனால் மேட்டில் இருநூற்றைம்பது மீட்டர் உயரத்துக்குத்தான் தாங்கும். பெரியதை இங்குள்ள கடையில் வாங்குங்கள், அல்லது கப்பலில் வரவழையுங்கள். ஆன்லைனில் விலை ஒப்பிடும்போது தீவுக்குள் வரும் பொருளுக்கான ஒக்த்ருவா த மேர் வரியையும் 8.5 சதவீத மதிப்புக் கூட்டு வரியையும் கூட்டிப் பாருங்கள். மலிவு பல நேரம் அங்கேயே கரைந்துபோகும். சார்ஜர் மாற்றிச் செருகாதீர்கள்: 36 வோல்ட் பேட்டரிக்கு 42 வோல்ட் சார்ஜர், 48-க்கு 54.6. முனை ஒன்றுபோல இருக்கிறதென்று மாற்றிக் குத்தினால் தீப்பிடிக்கலாம். வெயிலில் நிறுத்திய கார் டிக்கியில் பேட்டரியை விட்டுப் போகாதீர்கள். புயல் மாதங்களில் வாரக்கணக்கில் ஓட்டாமல் போட்டால், பாதி சார்ஜில், வாசல் மறிக்காத இடத்தில், ஈரம் படாமல் வையுங்கள்.