மொட்டை மாடிக்கு ஏறும் முன் கரண்ட் பில்லை எடுங்கள்

சோலார் போடலாம் என்று முடிவானதும் எல்லோரும் முதலில் மாடிக்குத்தான் ஏறுகிறார்கள். விற்பனைக்கு வந்தவர் லேசர் கருவியால் நீள அகலம் பிடிப்பார். “சார், 200 கிலோவாட் தாராளமா உட்காரும்” என்பார். மறுநாளே கொட்டேஷன் வந்துவிடும். கட்டடங்களின் மின் கணக்கைத் தணிக்கை செய்வது என் தொழில். இப்படி வந்த கொட்டேஷன்களைப் பிரித்துப் பார்த்துக் கருத்துச் சொல்லும் வேலையும் அதோடு சேர்ந்து வருகிறது. அதில் பழகியதைச் சொல்கிறேன்: கூரை எவ்வளவு தாங்கும் என்பது இரண்டாவது கேள்வி. பகல் நேரத்தில் உங்கள் கட்டடம் எவ்வளவு தின்னும் என்பதுதான் முதல் கேள்வி.

பன்னிரண்டு மாத பில்லை எடுத்து வையுங்கள். அதோடு விட்டுவிடாதீர்கள். பெரிய இணைப்புகளின் மீட்டர் 15 அல்லது 30 நிமிடத்துக்கு ஒருமுறை பளுவை, அதாவது அந்த நேரத்தில் கட்டடம் இழுக்கும் மின்சாரத்தை, பதிவு செய்து வைத்திருக்கும். அந்தத் தரவை மின் நிறுவனத்திடம் எழுதிக் கேளுங்கள். பில் ஒரு மாதத்தின் மொத்தத்தைச் சொல்கிறது. சூரியன் இருக்கும் நேரத்தில் எவ்வளவு எரிகிறது என்பதை இந்தத் தரவுதான் சொல்லும். காலை 9 முதல் மாலை 4 வரை உள்ள வரிகளைத் தனியாகப் பிரித்து, வேலைநாள், விடுமுறை நாள் என்று இரண்டு வரைபடம் போட்டால் பாதி முடிவு அங்கேயே தெரிந்துவிடும்.

வாரம் ஐந்து நாள் இயங்கும் அலுவலகத்தை எடுத்துக்கொள்வோம். சூரியனுக்கு வார விடுமுறை கிடையாது. ஏழில் இரண்டு நாள் என்றால், உற்பத்தியாகும் 100 யூனிட்டில் ஏறத்தாழ 28 யூனிட் ஆளில்லாத கட்டடத்தில் விளைகிறது. பள்ளி, கல்லூரி என்றால் நீண்ட விடுமுறையும் சேர்ந்துகொள்ளும், அதுவும் பெரும்பாலும் நல்ல வெயில் காலத்தில். கிடங்குகளுக்குக் கடல் போலக் கூரை இருக்கும், உள்ளே நாலு விளக்கும் ஒரு ஃபோர்க்லிஃப்ட் சார்ஜரும்தான் ஓடும். மருத்துவமனையும் குளிர்பதனக் கிடங்கும் நேர் எதிர்: எல்லா நாளும் ஓடும், வெயில் ஏற ஏற ஏசி பளுவும் ஏறும். என்னைக் கேட்டால் சோலாருக்கென்றே பிறந்த கட்டடங்கள் இவைதான். ஆனால் அங்கேதான் கூரை முழுக்கக் கூலிங் டவரும் குழாய்களும் அடைத்துக்கொண்டிருக்கும்.

மிஞ்சும் மின்சாரத்தைத் திருப்பி அனுப்பினால் என்ன கிடைக்கும் என்பது உங்கள் ஊரின் விதியைப் பொறுத்தது. யூனிட்டுக்கு யூனிட் கழிப்பதும் உண்டு, குறைந்த விலைக்கு வாங்கிக்கொள்வதும் உண்டு, ஒன்றுமே தராததும் உண்டு. எதுவானாலும் அந்த விதி 25 ஆண்டுகளுக்கு அப்படியே இருக்கும் என்று கணக்குப் போடாதீர்கள். ஸ்பெயின் 2015-இல் சொந்தமாகச் சோலார் போட்டவர்கள்மீதே ஒரு கட்டணத்தை விதித்தது, மக்கள் அதைச் ‘சூரிய வரி’ என்றே அழைத்தார்கள். 2018-இல் அது நீக்கப்பட்டது. கலிஃபோர்னியா 2023 ஏப்ரலுக்குப் பின் வந்த விண்ணப்பங்களுக்கு, திருப்பி அனுப்பும் யூனிட்டின் மதிப்பைப் பெருமளவு குறைத்தது. திருப்பி அனுப்புவதை மட்டுமே நம்பி நிற்கும் கணக்கை நான் ஏற்பதில்லை. கட்டடமே தின்றுவிடும் யூனிட்டின் மதிப்பை யாரும் அவ்வளவு எளிதில் பறிக்க முடியாது.

ஆகவே அளவு குறிப்பது இப்படி. வேலைநாள் நண்பகலில் உங்கள் பளு 80 கிலோவாட்டுக்குக் கீழே இறங்குவதே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். கூரையில் 200 கிலோவாட் உட்காரும் என்றாலும் 100 கிலோவாட்டில் தொடங்குங்கள். 80 பளுவுக்கு 100 ஏன்? பேனலில் அச்சிட்டிருக்கும் வாட் கணக்கு, செல்லின் சூடு 25 டிகிரி இருக்கும்போது ஆய்வகத்தில் எடுத்தது. உச்சி வெயிலில் செல் 60 டிகிரியைத் தாண்டும். ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறக்குறைய 0.3 முதல் 0.4 சதவீதம் இழப்பு. தூசி, கேபிள், இன்வெர்ட்டர் (பேனலின் டி.சி. மின்சாரத்தைக் கட்டடத்துக்கு ஏற்ற ஏ.சி.யாக மாற்றும் கருவி) இழப்பும் சேர்ந்தால் 100 கிலோவாட் பேனலிலிருந்து 80 வந்தாலே நல்லது. கேபிள் பாதையும் மெயின் போர்டில் இடமும் மட்டும் பின்னால் பெருக்க ஏதுவாக விட்டு வையுங்கள்.

கூரை

100 கிலோவாட் பேனலின் பரப்பு மட்டும் 500 சதுர மீட்டருக்குள் அடங்கும். சமதளக் கூரையில் வரிசைகளுக்கு நடுவே நிழல் இடைவெளி, நடைபாதை எல்லாம் விட்டால் 800 முதல் 1,000 வரை போகும். தண்ணீர்த் தொட்டி, லிஃப்ட் அறை, கைப்பிடிச் சுவர் ஆகியவற்றின் நிழல் காலை 9 மணிக்கும் மாலை 3 மணிக்கும் எங்கே விழுகிறது என்று சாக்பீஸால் கோடு போட்டுப் பாருங்கள், நிழல் மிக நீளமாக விழும் பருவத்தையும் மனதில் வைத்து. ஒரு பேனலின் ஓரத்தில் மட்டும் விழும் நிழல்கூட, செல்கள் தொடராக இணைந்திருப்பதால், மூன்றில் ஒரு பங்கை அணைத்துவிடும். இடம் நெருக்கடி என்றால் கிழக்கு மேற்காக முதுகோடு முதுகு வைத்துத் தாழ்வாகப் போடலாம். ஒரு பேனலுக்கு உற்பத்தி கொஞ்சம் குறையும், ஆனால் கூடுதல் பேனல் உட்காரும். நண்பகல் உச்சி தணிந்து காலையும் மாலையும் சற்றுத் தடிக்கும். பகல் முழுக்கச் சீராக ஓடும் கட்டடத்துக்கு அது லாபம்தான்.

பேனல் 25 ஆண்டு நிற்கும். அதன் அடியில் இருக்கும் நீர்க்கசிவுப் பூச்சு நிற்குமா? அடுத்த பத்து ஆண்டுக்குள் அதை மாற்ற வேண்டிவரும் என்றால் இப்போதே மாற்றிவிட்டு அப்புறம் ஏற்றுங்கள். இல்லாவிட்டால் எல்லாவற்றையும் கழற்றி மாட்டும் கூலி தனி. தகரக் கூரையில் துளை போடாமல் மடிப்பைக் கவ்வும் கிளாம்ப் போட முடியுமா என்று கேளுங்கள். எடையைவிட எனக்கு அதிகம் கவலை தருவது காற்று. கூரையின் மூலைகளிலும் விளிம்புகளிலும் காற்று பேனலை மேல்நோக்கி உறிஞ்சும், நடுவில் அவ்வளவு இல்லை. வரைபடத்தில் பேனல் விளிம்பு வரை நெருக்கி வரைந்திருந்தால், கட்டமைப்புப் பொறியாளரின் கையெழுத்து உள்ள கணக்கைக் கேளுங்கள். கொட்டேஷன் தந்தவரின் பொறியாளர் வேண்டாம், நீங்கள் அமர்த்தியவராக இருக்கட்டும்.

கொட்டேஷனை எப்படிப் படிப்பது

“ஒரு கிலோவாட் என்ன விலை?” என்று கேட்டால் மலிவான கம்பியும் மெல்லிய சட்டமும்தான் வந்து சேரும். கடந்த பதினைந்து ஆண்டுகளில் பேனல் விலை பத்தில் ஒரு பங்காகச் சரிந்துவிட்டது. மிச்சச் செலவு இப்போது சட்டம், கேபிள், பாதுகாப்புக் கருவிகள், கூலி, அனுமதி இவற்றில்தான். விலையைக் குறைக்க நினைப்பவர் கை வைப்பதும் அங்கேதான்.

யூனிட் கணக்கில் கேளுங்கள். ஓர் இடத்தில் கிலோவாட்டுக்கு ஆண்டுக்கு 1,400 யூனிட் என்றால், 100 கிலோவாட் முதல் ஆண்டில் 1,40,000 யூனிட் தரும். ஆண்டுக்கு அரை சதவீதம் தேய்ந்தாலும் 25 ஆண்டில் ஏறக்குறைய 33 லட்சம் யூனிட். அதில் கட்டடம் தின்பது 72 சதவீதம்தான் என்றால், மதிப்புள்ளது 24 லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. மொத்தச் செலவை, நடுவில் ஒருமுறை இன்வெர்ட்டர் மாற்றும் செலவையும் (10 முதல் 15 ஆண்டில் அது வரும்) சுத்தம் செய்யும் கூலியையும் சேர்த்து, இந்தச் சின்ன எண்ணால் வகுத்துப் பாருங்கள். உங்கள் இடத்தில் எத்தனை யூனிட் வரும் என்பதை விற்பவர் சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. உலக வங்கியின் குளோபல் சோலார் அட்லஸ், ஐரோப்பிய ஆணையத்தின் பிவிஜிஐஎஸ் இரண்டும் இலவசம். இடத்தைச் சொடுக்கினால் எண் வரும். கொட்டேஷனில் உள்ள எண் அதைவிட 10 சதவீதம் கூடுதலாக இருந்தால் காரணம் கேளுங்கள்.

இன்னொருவர் முதல் போட்டு உங்கள் கூரையில் நிறுவி, யூனிட்டுக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொள்ளும் முறையும் உண்டு. கையில் முதல் இல்லாத இடத்துக்கு அது நல்ல வழி. ஆனால் ஒப்பந்தத்தில் விலை எழுதிய பக்கத்தைவிட மற்ற பக்கங்கள்தான் முக்கியம். ஆண்டுக்கு 3 சதவீதம் ஏற்றம் என்பது சின்னதாகத் தெரியும். இருபதாம் ஆண்டில் முதல் விலையைப் போல ஒன்றே முக்கால் மடங்கு ஆகியிருக்கும். நீங்கள் பயன்படுத்தாத யூனிட்டுக்கும் பணம் கட்ட வேண்டுமா? கூரையைச் செப்பனிட ஒரு மாதம் நிறுத்தினால் வராத மின்சாரத்துக்கு இழப்பீடு கேட்பார்களா? கட்டடத்தை விற்றால் ஒப்பந்தம் யார் தலையில்? இடையில் வாங்கிக்கொள்ள ஆண்டுவாரியாக விலை எழுதியிருக்கிறதா? இவற்றுக்குப் பதில் எழுத்தில் வராமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

பலர் கேட்காமல் விடும் மூன்று

ஒன்று, பவர் ஃபேக்டர்: கம்பி வழியே வரும் மொத்தப் பளுவில் உண்மையில் வேலை செய்யும் பங்கு. 100 கிலோவாட் பளு, 0.95 பவர் ஃபேக்டர் என்றால் கூடவே 33 கிலோவார் ரியாக்டிவ் பளுவும் (மோட்டார் போன்றவை காந்தப்புலத்துக்காக இழுப்பது, வேலை எதுவும் செய்யாதது; கிலோவார் அதன் அலகு) இருக்கும். சோலார் 70 கிலோவாட் தந்ததும் மின் நிறுவனத்திடமிருந்து வருவது 30 கிலோவாட் மட்டும். ஆனால் 33 கிலோவார் அப்படியே அங்கிருந்துதான் வருகிறது. மீட்டர் கண்ணுக்கு உங்கள் பவர் ஃபேக்டர் 0.67. கட்டடத்தில் எதுவும் பழுதில்லை, ஆனால் அபராதம் விதிக்கும் இடங்களில் பில்லில் புது வரி முளைக்கும். ரியாக்டிவ் பளுவை ஈடுகட்டும் கெபாசிட்டர் பெட்டியின் சி.டி. (மின்னோட்டத்தை அளக்கும் வளையம்) எங்கே மாட்டியிருக்கிறது என்று பார்த்து இடம் மாற்றுவதும், இன்வெர்ட்டரையே கொஞ்சம் ரியாக்டிவ் தரும்படி அமைப்பதும் இதற்கு மருந்து. நிறுவும் முன்பே பேசிவிட்டால் செலவு சொற்பம்.

இரண்டு, உச்ச பளுக் கட்டணம்: மாதத்தில் உங்கள் பளு தொட்ட மிக உயர்ந்த அளவுக்குப் போடும் கட்டணம். ஒரு மாதத்தில் ஒரே ஒரு மேகமூட்டமான அரை மணி நேரம் போதும், பழைய உச்சம் திரும்ப வந்துவிடும். அந்தக் கட்டணம் குறையும் என்று காட்டும் சேமிப்பை அடித்துவிட்டுப் படியுங்கள்.

மூன்று, மின்வெட்டு. கரண்ட் போனால் சாதாரண சோலாரும் நின்றுவிடும். கம்பியில் வேலை செய்பவரின் உயிருக்காக வைத்த ஏற்பாடு அது. ஜெனரேட்டரோடு சேர்ந்து ஓட வேண்டும் என்றால், ஜெனரேட்டரின் பளு ஏறக்குறைய 30 சதவீதத்துக்குக் கீழே இறங்காமல் சோலாரை அடக்கிப் பிடிக்கும் கட்டுப்பாட்டுக் கருவி தனியாக வேண்டும்.

பொதுக் கட்டடங்களுக்குத் தனியாக

கட்டடம் ஒரு துறையுடையது, பில் கட்டுவது இன்னொரு துறை, டெண்டர் விடுவது மூன்றாவது துறை. சேமிப்பு யார் கணக்கில் சேரும் என்பதை முதலில் எழுதிக்கொள்ளாவிட்டால் பேனலைத் துடைக்கக்கூட யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள். நிறுவப் பணம் ஒதுக்குவார்கள், பராமரிப்புக்கு ஒதுக்க மாட்டார்கள். கண்காணிப்புக் கருவியில் இருக்கும் சிம் கார்டுக்கு ரீசார்ஜ் செய்ய எந்தக் கணக்குத் தலைப்பும் இருக்காது. அது அணைந்த பின் ஓர் இன்வெர்ட்டர் டிரிப் ஆகிக் கிடந்தாலும், மொத்த பில் கொஞ்சம் ஏறியதை யாரும் கவனிக்க மாட்டார்கள். எனவே ஐந்தாண்டுப் பராமரிப்பையும் இணைய இணைப்பையும் டெண்டருக்குள்ளேயே சேருங்கள். குறைந்த விலை கேட்டவருக்கே கொடுத்தாக வேண்டும் என்றால், அந்தக் குறைந்த விலையைக் கிலோவாட்டுக்குப் பார்க்காமல், உத்தரவாதம் தரும் யூனிட்டுக்குப் பாருங்கள். உத்தரவாதம் தவறினால் பிடித்தம் எவ்வளவு என்பதையும் எழுதுங்கள். சின்னச் சின்னப் பள்ளிகளைத் தனித்தனியாக விடாமல் பத்து, இருபது கூரைகளை ஒரே தொகுப்பாக விட்டால் உருப்படியான நிறுவனங்கள் வரும். கூரை கைகொடுக்காத இடத்தில் வண்டி நிறுத்துமிடத்தைப் பாருங்கள். 1,500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிறுத்துமிடங்களில் சோலார் நிழற்கூரை வேண்டும் என்று பிரான்ஸ் 2023-இல் சட்டமே போட்டிருக்கிறது.

கையேற்கும் நாள்

தீ விபத்துகளில் பலவற்றுக்கு மூலம் பேனல் அல்ல, பேனல் கேபிள்களை ஒன்றோடொன்று செருகும் டி.சி. கனெக்டர்தான். ஒரு கம்பெனியின் ஆண் முனையை இன்னொரு கம்பெனியின் பெண் முனையில் செருகியிருப்பார்கள். பொருந்தும், ஆனால் உள்ளே தொடர்பு தளர்ந்து சூடேறும். பேனலுக்கு அடியில் குனிந்து, எந்த முனையும் கூரையில் தண்ணீர் தேங்கும் இடத்தில் கிடக்கவில்லை, ஜோடி இரண்டும் ஒரே கம்பெனி என்று பார்த்துப் படம் எடுங்கள். ஐஇசி 62446-1 தரப்படி ஒவ்வொரு ஸ்ட்ரிங்கின் (தொடராக இணைத்த பேனல் வரிசையின்) வோல்டேஜ், இன்சுலேஷன் அளவீடு அடங்கிய தாளையும், முழுப் பளுவில் எடுத்த வெப்பப் படங்களையும் வாங்குங்கள். கண்காணிப்புக் கணக்கின் கடவுச்சொல் ஒப்பந்தக்காரரின் மின்னஞ்சலில் இல்லாமல் உங்கள் நிறுவனத்தின் மின்னஞ்சலில் இருக்க வேண்டும். ஒரு வெயில் மாதம் முழுக்க ஓடவிட்டு, வந்த யூனிட்டை, விழுந்த வெயிலுக்குப் பேனலில் அச்சிட்ட வாட் கணக்குப்படி இழப்பே இல்லாமல் வந்திருக்க வேண்டிய யூனிட்டோடு ஒப்பிடுங்கள்; 75 முதல் 85 சதவீதத்துக்குள் இருந்தால் சரி. கடைசித் தவணை அதுவரை உங்களிடமே இருக்கட்டும்.