சோளகத்துக்கும் மாரிக்கும் நடுவில் என் ஹெல்மெட்

சோளகம் (தென்மேற்குக் காற்று) வீசும் நாளில் ஆனையிறவைத் தாண்டி வீட்டுக்கு வந்தால் ஹெல்மெட் கண்ணாடியில் புழுதியும் உப்புக்காற்றின் பிசுபிசுப்பும் படிந்திருக்கும். அதைச் சாரத் தலைப்பால் துடைத்துத்தான் என் முதல் கண்ணாடி முழுக்கக் கீறலானது. இப்போது ஈரத்துணியை 10 நிமிடம் மேலே போட்டு ஊறவிட்டு, அப்புறம் மெதுவாக வழித்தெடுக்கிறேன்.

உள்மெத்தை கழற்ற வருமென்றால் 2 கிழமைக்கு ஒருமுறை குழந்தை ஷாம்பூவில் அலசுங்கள். பிழியாமல் துவாயில் வைத்து அழுத்தி, வேப்பமர நிழலில் காயவிடுங்கள். உள்ளே இருக்கும் ரெஜிபோமில் (தெர்மோகோல் போன்ற நுரைப் பிளாஸ்டிக்) பெற்றோல், தின்னர் படவே கூடாது, கரைந்துவிடும். எண்ணெய்த் தலையென்றால் (அம்மா வைக்காமல் விடமாட்டா) மெல்லிய பருத்தித் துணி கட்டிக்கொண்டு போடுங்கள்.

கார்த்திகை மழையில் நனைந்துவிட்டால் பழைய பேப்பரைக் கசக்கித் திணித்து, ஈரம் ஏறியதும் மாற்றி, இரவு ஃபானுக்குக் கீழே வையுங்கள்.