இரண்டு காலுறை போட்டும் சில்லிட்ட கால்

ஜோகன்னஸ்பர்க் கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,700 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே குளிர்காலமான ஜூலையில், விடியலில் காய்கறிச் சந்தையில் நின்றால் எனக்குக் கால்விரல்கள் மரத்துப்போகும். தடித்த காலுறை வாங்கினேன். மேலே இன்னொன்றும் போட்டேன். குளிர் கூடியதுதான் மிச்சம். கடைக்காரர் மூன்றாவதும் விற்கத் தயாராக இருந்தார்! வெந்நீரில் கால் நனைத்துக் கிளம்பியும் பயனில்லை.

கழற்றும்போதுதான் கவனித்தேன்: விரல்களின் மேல் காலுறைப் பின்னல் அச்சாகப் பதிந்திருந்தது, உள்ளுறை ஈரமாக இருந்தது. சூட்டைக் காப்பது பெரும்பாலும் துணிக்குள் அசையாமல் நிற்கும் காற்றுதான். இறுக்கம் அந்தக் காற்றை வெளியேற்றி, இரத்த ஓட்டத்தையும் நெரிக்கிறது. நீரோ காற்றைவிட 20 மடங்குக்கு மேல் வெப்பத்தைக் கடத்தும்.

ஈரத்தைப் பிடித்துவைக்கும் பருத்திக் காலுறைகளை விட்டேன். ஒற்றைக் கம்பளிக் காலுறை, ஓர் அளவு பெரிய பூட்ஸ், விரலை ஆட்ட இடம். கூடவே தொப்பி, மப்ளர். உடம்பு குளிர்ந்தால் விரல்களின் இரத்தக் குழாய்கள்தான் முதலில் சுருங்கும். மறுநாளே விரல்கள் உணர்வோடு இருந்தன.