வயர் இல்லாத சார்ஜருக்கு கால் கிலோ வயர்

தக்கலையில் எனக்கு மோட்டார் காயில் கட்டுகிற கடை. கிணற்று மோட்டார், மிக்சி, சீலிங் ஃபேன் என்று 27 வருஷமாக செம்புக் கம்பியோடுதான் பிழைப்பு. போன சாரல் சமயம் பாலிடெக்னிக்கில் கடைசி வருஷம் படிக்கிற அக்கா மகன் நனைந்துகொண்டே கடைக்குள் வந்தான்.

"மாமா, வயர் இல்லாம கார் சார்ஜ் பண்ற புராஜெக்ட் எடுத்திருக்கேன்."

"வயர் இல்லாமலா? அப்ப எனக்கென்னலே வேலை?"

"வயர்தான் மாமா நெறைய வேணும். அதுக்குத்தான வந்தேன்."

அவன் சொன்னது சரி. கடைசியில் வேஸ்டேஜ் உட்பட கால் கிலோ எனாமல் கம்பி போனது. அந்த மாதிரியை நீங்களும் கட்டலாம். 12 வோல்ட்டில் ஓடுவது, 21 வாட் பல்பு எரிவது, அவ்வளவுதான் அளவு. இதைப் பெரிதாக்கி வீட்டு 230 வோல்ட்டில் நேரடியாகக் கட்டிப் பார்க்கிற ஆசை வந்தால் அங்கேயே விட்டுவிடுங்கள்.

சங்கதி என்னவென்றால், இது காற்றை இடைவெளியாக வைத்த டிரான்ஸ்ஃபார்மர். 1831இல் ஃபாரடே கண்ட அதே தூண்டல்தான். தரையில் ஒரு காயில், வண்டியின் அடியில் ஒரு காயில். இரும்புக் கோர் இல்லாததால் தரைக் காயிலில் கிளம்புகிற காந்தப் புலத்தில் கொஞ்சம்தான் மேலே உள்ள காயிலில் போய்ச் சேரும். அந்தக் கொஞ்சத்தையே வைத்து உருப்படியாகக் கரண்ட் கடத்த இரண்டு வேலை செய்கிறார்கள். ஒன்று, வீட்டுக் கரண்டின் 50 ஹெர்ட்ஸுக்குப் பதில் 85 கிலோஹெர்ட்ஸ் பக்கம் ஓட்டுவது. இன்னொன்று, காயிலோடு கெப்பாசிட்டர் சேர்த்து இரண்டு பக்கத்தையும் ஒரே சுருதியில் ஒத்திசைய வைப்பது. வண்டிப் பொறியாளர்களின் சங்கமான எஸ்ஏஇ, கார்களின் வயர் இல்லாத சார்ஜிங்குக்கு வகுத்த ஜே2954 தரம் 2020இல் வந்தது. 79 முதல் 90 கிலோஹெர்ட்ஸுக்குள் ஓட வேண்டும், 11 கிலோவாட் வரை போகலாம், தரைக்கும் வண்டிக்கும் 10 முதல் 25 சென்டிமீட்டர் இடைவெளி இருக்கலாம் என்கிறது. நமக்குப் பக்கத்தில் திருவனந்தபுரத்தில் உள்ள சி-டாக் என்கிற மத்திய அரசு ஆய்வு மையமும் நாக்பூர் விஎன்ஐடி என்ஜினியரிங் கல்லூரியும் சேர்ந்து 1.5 கிலோவாட் சார்ஜர் ஒன்று செய்திருக்கிறார்கள், காயில்களுக்கு நடுவில் 12.5 சென்டிமீட்டர் விட்டு. டிரைவர் இல்லாமல் ஓடுகிற வண்டிக்கு இது ஆடம்பரம் இல்லை. இறங்கி பிளக் குத்த அதில் ஆளே கிடையாதே.

சரி, கம்பிக்கு வருவோம். இங்கேதான் நான் முதலில் சறுக்கினேன். மோட்டாருக்குக் கட்டுகிற பழக்கத்தில் 16 கேஜ் கம்பியை எடுத்து அழகாக ஒரு காயில் சுற்றிக் கொடுத்தேன். பார்க்க நன்றாக இருந்தது, ஓட்டினால் கை வைக்க முடியாத சூடு. காரணம், 85 கிலோஹெர்ட்ஸில் கரண்ட் கம்பியின் முழு உடம்பிலும் ஓடாது. மேல்தோலில், ஏறக்குறைய 0.22 மில்லிமீட்டர் ஆழத்தில்தான் ஓடும். உள்ளே இருக்கிற செம்பு சும்மா கிடக்கும். அதனால் முடி போன்ற கம்பிகள் பலவற்றைச் சேர்த்து முறுக்கிக் கயிறாக்க வேண்டும். லிட்ஸ் ஒயர் என்று கடையில் கேட்டால் நம்ம பக்கம் கைவிரிப்பார்கள். 36 கேஜ் எனாமல் கம்பி எந்த ரீவைண்டிங் கடையிலும் எடை போட்டுக் கொடுப்பார்கள்.

7 மீட்டர் நீளத்துக்கு இரண்டு ஆணி அடித்து, 60 இழை வருகிற மாதிரி போய்ப் போய்த் திரும்புங்கள். ஒரு முனையை வைஸில் கடித்து, மறுமுனையை டிரில் மெஷினில் மாட்டி மெதுவாக முறுக்குங்கள். ஒரு இன்ச்சுக்கு ஒரு முறுக்கு போதும். இறுக்கினால் எனாமல் உரியும். மேலே காட்டன் டேப் சுற்றினால் இரண்டரை மில்லிமீட்டர் கயிறு கிடைக்கும். இப்படி இரண்டு.

முனையில் எனாமல் எடுக்கிற வேலைதான் உயிரை வாங்கும். 60 இழையையும் பிளேடாலும் 400 நம்பர் எமரியாலும் சுரண்டி, ஒவ்வொன்றிலும் ஈயம் பிடித்ததா என்று பார்க்க வேண்டும். மருமகன் அரைமணி நேரத்தில் "முடிஞ்சு மாமா" என்றான். எனக்கு நம்பிக்கை இல்லை. காயிலில் 1 ஆம்பியர் டிசி விட்டு இரண்டு முனைக்கும் நடுவில் வோல்ட் பார்த்தேன். 50-லிருந்து 60 மில்லிவோல்ட் வர வேண்டிய இடத்தில் 83. இருபது இழைக்கு மேல் ஒட்டவே இல்லை. சாதா மீட்டரில் ஓம்ஸ் வைத்துப் பார்த்தால் இது பிடிபடாது, எல்லாம் பூஜ்யம் என்றே காட்டும். அதனால் மில்லிவோல்ட் சோதனையைத் தவிர்க்காதீர்கள்.

காயில் வடிவம் கொசுவர்த்திச் சுருள்தான். பிளைவுட்டில் 8 சென்டிமீட்டர் வட்டம் வரைந்து அதிலிருந்து வெளியே 16 சென்டிமீட்டர் வரை, ஒட்டி ஒட்டி 15 சுற்று. ஃபெவிகுவிக் சொட்டுச் சொட்டாக வைத்துப் பிடிக்கலாம். இவ்வளவில், காயிலின் தூண்டலை அளக்கிற எல்சிஆர் மீட்டரில் 35 மைக்ரோஹென்றி பக்கம் காட்டும். பின்பக்கம் காந்தப் புலத்தை இழுத்துப் பிடிக்கிற ஃபெரைட் வேண்டும், இல்லாவிட்டால் புலம் கீழ்ப்பக்கமும் வீணாகப் போகும். தனியாக வாங்க வேண்டாம். ஆக்கர் கடையில், அதாவது பழைய சாமான் கடையில், பழைய ரேடியோ கிடைத்தால் உள்ளே கறுப்பாக ஆண்டெனா ராடு இருக்கும், அதுதான் ஃபெரைட். காயிலுக்கு ஆறு ராடு, சக்கரத்தின் ஆரக்கால் போல அடுக்கி ஒட்டுங்கள். கீழே போட்டால் சில்லாகிவிடும், ஜாக்கிரதை.

ஃபெரைட் ஒட்டியதும் மீட்டரில் எண் ஏறும். எங்களுக்கு 50 வந்தது. வெளிச்சுற்றைக் கழற்றிக் கழற்றி மறுபடி 35-க்குக் கொண்டுவந்தபோது 12 சுற்றும் சொச்சமும் மிஞ்சியது. கணக்கு சுலபம்: மைக்ரோஹென்றியையும் நானோஃபாரடையும் பெருக்கினால் 3,500 வர வேண்டும், வந்தால் 85 கிலோஹெர்ட்ஸ். 35-க்கு 100 நானோஃபாரட். காயில் 40-ல் நின்றுவிட்டால் 87 நானோஃபாரட் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு காயிலை அளக்கும்போது மற்றது பக்கத்தில் இருக்கக்கூடாது.

கெப்பாசிட்டரில் கஞ்சத்தனம் வேண்டாம். பாலிபுரோப்பிலீன் வகை, 103ஜே 630 வோல்ட், பத்து எண்ணத்தைப் பக்கவாட்டில் சேர்த்தால் 100 நானோஃபாரட், கரண்டும் பத்தாகப் பிரியும். பட்டன் மாதிரி இருக்கிற செராமிக் டிஸ்க் போட்டால் சூடேறி மதிப்பு நழுவும். இந்தப் பத்தையும் ஒரே கட்டாகக் காயிலோடு தொடராக இணையுங்கள், இரண்டு பக்கமும்.

ஓட்டுகிற சர்க்யூட்டுக்கு ஐஆர்2153 என்கிற ஐசியும் கரண்டை வேகமாகத் திறந்து மூடுகிற சுவிட்சாக இரண்டு ஐஆர்எஃப்இசட்44என் மாஸ்ஃபெட்டும் போதும். அந்த ஐசியின் டேட்டாஷீட்டில் உள்ள ஹாஃப் பிரிட்ஜ் படமேதான், இரண்டு மாஸ்ஃபெட்டும் மாறி மாறித் திறக்கும். டைமிங் கெப்பாசிட்டர் 1 நானோஃபாரட், ரெசிஸ்டர் 6.8 கிலோஓம், அதோடு தொடராக 5 கிலோஓம் மல்டி டர்ன் பிரீசெட், திருகித் திருகி கிலோஹெர்ட்ஸை மாற்றுகிற குட்டி ரெசிஸ்டர். சப்ளைக்கு சிசிடிவி கேமராவுக்கு வருகிற 12 வோல்ட் 5 ஆம்பியர் அடாப்டர். அதன் பிளஸ் லைனில் 3 ஆம்பியர் ஃபியூஸ். இந்த ஃபியூஸின் கதை பின்னால் வருகிறது.

வண்டிப் பக்கம் ஏசியை டிசியாக்க நாலு டயோடில் பிரிட்ஜ். கடையில் டப்பா நிறைய கிடக்கிறதே என்று 1என்4007 போடாதீர்கள். அது 50 ஹெர்ட்ஸ் பிள்ளை, இந்த வேகத்துக்கு மூச்சு வாங்கும், சுடும். 1என்5822 ஷாட்கி போடுங்கள். பிறகு 470 மைக்ரோஃபாரட் 35 வோல்ட் கெப்பாசிட்டர், அதன் மேல் பைக் இண்டிகேட்டரின் 12 வோல்ட் 21 வாட் பல்பு. பேட்டரி வைக்கவில்லையா என்று கேட்பீர்கள். வைக்கலாம், ஆனால் நடுவில் சார்ஜ் கன்ட்ரோலர் இல்லாமல் கூடாது, லித்தியம் என்றால் சொல்லவே வேண்டாம். முதலில் பல்பு எரியட்டும்.

இடைவெளி அளக்க நாங்கள் ரப்பர் ஷீட் வைத்தோம். குலசேகரம் பக்கம் தெரிந்த தோட்டத்துக்காரர் கொடுத்த உலர்ந்த ஷீட்டைச் சதுரமாக வெட்டி அடுக்கினால் 3 மில்லிமீட்டர், 6, 9 என்று படிப்படியாக ஏற்றலாம். காந்தப் புலத்துக்கு ரப்பரும் காற்றும் ஒன்றுதான்.

சுருதி சேர்ப்பது இப்படி. 4 சென்டிமீட்டர் இடைவெளியில் காயில்களை நேருக்கு நேர் வையுங்கள். பிரீசெட்டைத் திருப்பி 100 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே நிறுத்திய பிறகே சப்ளை கொடுங்கள். அங்கிருந்து மெல்ல இறக்குங்கள், கண் ஆம்பியர் மீட்டரில் இருக்கட்டும். பல்பு சிவந்து, மஞ்சளாகி, வெளிச்சம் பிடிக்கும். 85-க்கு ஒரு துளி மேலேயே நின்றுகொள்ளுங்கள். கீழே தாண்டினால் மாஸ்ஃபெட் சூடாகத் தொடங்கும், விரல் வைத்தால் தெரியும்.

இனி ரப்பர் ஷீட்டைக் கூட்டிக் குறைத்துப் பாருங்கள். காயில்கள் மிக நெருங்கினால் பல்பு மங்குகிறது. தூக்கினால் பிரகாசமாகிறது! மருமகன் கனெக்ஷனை மாற்றிவிட்டேனோ என்று இரண்டு தடவை பார்த்தான். தப்பு ஒன்றும் இல்லை. இரண்டு பக்கமும் கெப்பாசிட்டர் தொடராக இருந்தால் இணைப்பு தளரத் தளர வண்டிப் பக்கம் கரண்ட் கூடும். ஓர் அளவுக்கு மேல் தூக்கினால் மறுபடி மங்கும், ஏனென்றால் தரைக் காயில் தன் கரண்டைத் தானே தின்று சூடாகிக்கொண்டிருக்கும். அப்போது அடாப்டரிலிருந்து இழுக்கிற ஆம்பியரைப் பாருங்கள், விறுவிறுவென்று ஏறும்.

அந்த ஏற்றத்தில்தான் என் ஃபியூஸ் கதை. முதல் நாள் ஃபியூஸ் போடவில்லை, அப்புறம் போடலாம் என்று விட்டேன். தங்கச்சி மகள், ஆறு வயசு, மேலே காயிலும் பல்பும் பொருத்தி நிறுத்தியிருந்த பொம்மை வண்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். மேலே காயில் இல்லாதபோது தரைக் காயிலுக்குக் கடிவாளமே கிடையாது. மாஸ்ஃபெட் இரண்டும் பட்டென்று போய், கடை முழுக்க வார்னிஷ் கருகின வாசனை. காற்றில் கரண்ட் கடத்துவதைவிட, மேலே வண்டி நிற்கிறதா, நேராக நிற்கிறதா என்று அறிந்து திறப்பதும் மூடுவதும்தான் பெரிய பாடு. நிஜக் காரில் தரைப் பெட்டியும் வண்டியும் ரேடியோவில் பேசிக்கொண்ட பிறகே கரண்ட் திறக்கும்.

நமக்கு அவ்வளவு வேண்டாம். சக்கரம் வந்து முட்டி நிற்க ஒரு மரக்கட்டை வைத்து, அதில் 5 ஆம்பியர் மைக்ரோ சுவிட்ச் ஒன்றைப் பதித்து, சப்ளையை அதன் வழியாக விடுங்கள். வண்டி முட்டினால்தான் கரண்ட். இழுத்த முதல் சென்டிமீட்டரிலேயே சுவிட்ச் விட்டுவிடும், காயில்கள் விலகுவதற்கு முன்னாலேயே. பல்பை வண்டியில் ஈயம் வைத்தே பொருத்துங்கள், ஹோல்டர் வேண்டாம். ஓடும்போது பல்பு கழன்றாலும் இதே கூத்துதான், கூடவே 470 மைக்ரோஃபாரடும் வெடிக்கும்.

கோடு பார்த்து ஓடுகிற குட்டி ரோபோ வண்டி என்றால் இன்னும் விசேஷம், தானே வந்து நிற்கும். பக்கவாட்டில் எவ்வளவு விலகினால் தாங்குகிறது என்று அளந்து எழுதி வையுங்கள், வைவாவில் கேட்பார்கள். வட்டக் காயிலில் விட்டத்தின் ஐந்தில் இரண்டு பங்கு நகர்ந்தால், நம் அளவுக்கு 6 சென்டிமீட்டர் பக்கம், பல்பு அணைந்தே போகும். ஒரு பக்கம் நுழைகிற புலமும் மறுபக்கம் திரும்புகிற புலமும் கழிந்துபோகிற இடம் அது. இந்தக் குருட்டுப் புள்ளியைத் தள்ளிப்போடத்தான் நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ஜான் பாய்ஸும் கிராண்ட் கோவிக்கும் இரட்டை டி வடிவக் காயில் கொண்டுவந்தார்கள். ஜே2954 காருக்குப் பக்கவாட்டில் 10 சென்டிமீட்டர், முன்பின் 7.5 சென்டிமீட்டர் விலகல் கொடுக்கிறது. நம்ம பார்க்கிங் சாமர்த்தியத்துக்கு அது போதுமா என்பது வேறு விஷயம்.

நடுவில் ஒரு ரூபாய் காசையோ எவர்சில்வர் டம்ளரையோ வைத்தால் சூடாகும். இண்டக்‌ஷன் அடுப்பு வேலைதான். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்களை மேஜைக்கு வர விடாதீர்கள்.

எல்லாம் ஒத்துவந்த பிறகு தரைக் காயிலை ஒரு பிளாஸ்டிக் தட்டில் இறக்கி எபாக்சி ஊற்றி மூடினோம், வண்டிக் காயிலுக்கும் அப்படியே. வெளியே தெரிகிற செம்பு ஒன்றுகூட இல்லை. ஒரு ராத்திரி உலர விட்டு, மறுநாள் பல்பு எரிகிறபோதே ஒரு செம்பு தண்ணீரை மேலே ஊற்றினேன். அசையவில்லை. "உப்புத்தண்ணி வேற மாமா, அது கரண்டைக் கடத்தும்லா" என்று சொல்லி, ஞாயிற்றுக்கிழமை முட்டத்துக்குப் போய் இரண்டு லிட்டர் பாட்டிலில் கடல் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்தான். அதையும் ஊற்றினோம். ஆம்பியர் மீட்டர் முள் இருந்த இடத்திலேயே இருந்தது. மேஜைதான் துருப்பிடித்தது.