கார்-டி சோதனையில் கையெழுத்திடும் முன்பு

எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரி ஒன்று ஹாரன் அடித்தால் போதும், என் அம்மாவின் முதுகும் தொடைகளும் கட்டையாக இறுகிவிடும். பிடித்துக்கொள்ள ஆளில்லாவிட்டால் கையைக்கூட ஊன்றாமல் அப்படியே சாய்வார். ஸ்டிஃப் பெர்சன் சிண்ட்ரோம் எனப்படும் இந்நோய் பத்து லட்சம் பேரில் ஓரிருவருக்கே வருகிறது. பெரும்பாலானோரின் இரத்தத்தில் ஜிஏடி65 என்ற நொதிக்கு எதிரான ஆன்டிபாடிகள் (நோயெதிர்ப்புப் புரதங்கள்) காணப்படும். இதற்கு கார்-டி செல் சிகிச்சை சோதிக்கப்படுவதைக் கேள்விப்பட்டு, சேரலாமா என்று யோசிக்கும் குடும்பங்களுக்காக இதை எழுதுகிறேன்.

நோயாளியின் இரத்தத்திலிருந்து டி செல்கள் எனப்படும் நோயெதிர்ப்பு அணுக்களைப் பிரித்தெடுத்து, ஆன்டிபாடிகளை உருவாக்கும் வழியிலுள்ள பி செல்களின் மேலுள்ள சிடி19 என்ற புரதத்தை அடையாளம் காணும்படி மரபணு மாற்றம் செய்து, பெருக்கி, மீண்டும் அவர் உடலிலேயே ஏற்றுவதுதான் இச்சிகிச்சை. அவை பி செல்களை அழித்தால், தவறான ஆன்டிபாடிகள் உருவாகும் வழி அடைபடும் என்பது எதிர்பார்ப்பு. ஜெர்மனியில் 50 மீட்டர்கூட நடக்க இயலாதிருந்த ஒரு பெண், மூன்று மாதங்களில் நாளொன்றுக்கு 6 கிலோமீட்டர் நடந்ததாக 2024இல் ஆய்வுக் கட்டுரை வெளியானது. அதைப் படித்த இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. ஆனாலும் அது ஒருவருடைய அனுபவம். பலரிடம் பார்த்த பிறகே மருந்து என்று சொல்ல முடியும். இந்தியாவில் 2023இல் அனுமதி பெற்ற நெக்ஸ்கார்19 இரத்தப் புற்றுநோய்க்கானது, நரம்பு நோய்க்கானதல்ல என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஆகவே முதலில் சோதனையின் சிடிஆர்ஐ (மருத்துவச் சோதனைகளுக்கான இந்திய அரசின் இணையப் பதிவேடு) பதிவு எண்ணைக் கேளுங்கள். அந்தத் தளத்தில் யார் வேண்டுமானாலும் எண்ணைத் தேடிப் பார்க்கலாம். எண்ணைத் தராமல் பல லட்சம் ரூபாய் கேட்கும் இடத்தைவிட்டு உடனே எழுந்து வாருங்கள். எங்களிடமும் ஒரு மருத்துவமனை 'ஸ்டெம் செல்' என்று சொல்லி முன்பணம் கேட்டது. ஒப்புதல் படிவத்தைத் தமிழில் வாங்கி, வீட்டுக்கு எடுத்துவந்து, இரண்டு நாளாவது வைத்திருந்து படியுங்கள். சோதனையால் பாதிப்பு ஏற்பட்டால் இலவச சிகிச்சையும் இழப்பீடும் 2019ஆம் ஆண்டின் விதிகள்படி உங்கள் உரிமை. சோதனையில் சேர்வோரின் நலனைக் கவனிக்கும் நெறிமுறைக் குழுவின் தொலைபேசி எண் படிவத்தில் இருக்க வேண்டும்.

அடுத்தது, பலரும் தவறவிடும் வேலை: இப்போதே அளந்து வையுங்கள். இந்நோய்க்கான ஆய்வுகளில் 25 அடி தூரத்தை எத்தனை விநாடிகளில் கடக்கிறார் என்று பார்ப்பது வழக்கம். ஹாரன் ஒலி அதிகம் எட்டாத எங்கள் மொட்டைமாடியில், 7.62 மீட்டருக்கு இரண்டு சாக்பீஸ் கோடுகள் போட்டு, அதே நேரத்தில், மாத்திரை போட்ட அதே இடைவெளியில், வாரம் இருமுறை கைப்பேசியில் நேரம் பார்க்கிறேன். ஓரடி தள்ளி ஒருவர் உடன் நடக்க வேண்டும். தசை இறுக்கத்துக்குச் சாப்பிடும் டயஸிபாம், பாக்லோஃபென் அளவையும் அருகிலேயே குறித்துவையுங்கள்; அவற்றை யார் சொன்னாலும் திடீரென நிறுத்தக்கூடாது, வலிப்பே வந்துவிடலாம். இந்தக் கணக்கு இல்லாவிட்டால் பின்னாளில் நம் ஆசையே முன்னேற்றமாகத் தெரியும்.

செல்களை ஏற்றுமுன் ஃப்ளூடராபின், சைக்ளோபாஸ்பமைடு ஆகிய கீமோதெரபி மருந்துகள் தரப்படும். நோயெதிர்ப்புத் திறன் பல வாரங்களுக்குக் குறையும். தீவிர சிகிச்சைப் பிரிவும், ஏற்றிய செல்கள் தூண்டக்கூடிய கடும் அழற்சியை அடக்கும் டோசிலிசுமாப் ஊசியும் அங்கேயே உள்ளனவா, மருத்துவமனைக்கு அருகில் எத்தனை வாரம் தங்க வேண்டும், போக்குவரத்துச் செலவு யாருடையது, இரத்தப் புற்றுநோய் வரும் அரிய அபாயத்துக்காக எத்தனை ஆண்டுகள் கண்காணிப்பார்கள் என்றெல்லாம் கேட்டு, பதில்களை எழுதி வாங்குங்கள். ஏற்றிய பின் காய்ச்சல் வந்தால் அது அந்த அழற்சியின் தொடக்கமாக இருக்கலாம்; வீட்டில் பாராசிட்டமால் கொடுத்துவிட்டுக் காத்திருக்கும் பேச்சே கூடாது.

இச்சிகிச்சையால் மூளை பாதிக்கப்படுகிறதா என்று அறிய, நோயாளியை நாள்தோறும் ஒரே வாக்கியத்தை எழுதச் சொல்வார்கள். அம்மா தேர்ந்தெடுத்தது, 'காசிமேட்டில் இன்று வஞ்சிரம் வந்ததா?' சோதனையில் இடம் கிடைக்குமுன்பே ஒரு நோட்டில் தினமும் எழுதுகிறார், இயல்பான கையெழுத்து எது என்று தெரிந்திருப்பதற்காக. சிகிச்சைக்குப் பின் ஒரு காலை அந்த எழுத்து கோணினாலோ, ஒரு சொல் விடுபட்டாலோ, ரவுண்ட்ஸ் வரட்டும் என்று இருக்காமல் அப்போதே நோட்டை எடுத்துக்கொண்டு பணி மருத்துவரிடம் போங்கள்.