எடை குறைப்பும் இச்சையடக்கமும்: விசுவாசிகளுக்கு ஒரு நடைமுறை வழிகாட்டி

உடல் எடையைக் குறைக்க விரும்பும் கிறிஸ்தவர்களிடையே அடிக்கடி எடுத்துக்காட்டப்படும் வேதபகுதி தானியேல் முதலாம் அதிகாரமாகும். ராஜாவின் போஜனத்தை மறுத்து, பத்து நாள் மரக்கறியும் தண்ணீரும் மட்டும் உட்கொண்ட நான்கு வாலிபரைப் பின்பற்றினால் எடை குறையும் என்று பலர் நம்புகின்றனர். ஆனால் 15ஆம் வசனத்தைச் சற்று நிதானமாக வாசித்தால், பத்து நாளின் முடிவில் அவர்களுடைய சரீரம் மற்ற வாலிபருடையதைக் காட்டிலும் புஷ்டியாய்க் காணப்பட்டது என்றே அங்கு எழுதப்பட்டிருப்பது தெரியும். எடையைக் குறைக்க வேண்டும் என்று தானியேல் நினைக்கவே இல்லை. தன்னைத் தீட்டுப்படுத்தலாகாது என்பதே அவனது கவலை.

ஆகவே உணவுமுறையைத் தேடுவதற்கு முன், எடையை எதற்காகக் குறைக்க விரும்புகிறீர்கள் என்பதை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். இரத்த அழுத்தம், சர்க்கரை, மூட்டுவலி ஆகியவை நல்ல காரணங்கள். "பருமனாக இருப்பதால் தேவனுக்குப் பிரியமில்லாதவனாக இருக்கிறேன்" என்ற எண்ணம் அந்தத் தாளில் இருந்தால், அதை முதலில் அடித்துவிடுங்கள். சரீரம் பரிசுத்த ஆவியின் ஆலயம் என்ற வசனத்தைப் பவுல் கொரிந்து சபையாருக்கு எழுதியது வேசித்தனத்தைக் கண்டிக்கும் இடத்தில்தான். இடுப்பின் சுற்றளவை அளக்கும் கோலாக அதைப் பயன்படுத்துவது முறையன்று. பெருந்தீனியைப் பற்றி எழுதிய ஆறாம் நூற்றாண்டுப் போப்பாகிய முதலாம் கிரகோரியும் உடல் அளவைப் பார்க்கவில்லை. வேளைக்கு முன் உண்பது, விலையுயர்ந்ததையே தேடுவது, பக்குவத்தில் மிகுந்த நுணுக்கம் பார்ப்பது, அளவுக்கு மிஞ்சுவது, பேராவலோடு உண்பது என்று ஐந்து வகைகளை அவர் கூறினார். இவை ஐந்தையும் ஒல்லியான ஒருவரால் தாராளமாகச் செய்ய முடியும்.

அடுத்து மருத்துவரைப் பாருங்கள். தைராய்டு சுரப்புக் குறைவு, சினைப்பை நீர்க்கட்டி, ஸ்டீராய்டு மருந்துகள், சில மனநல மருந்துகள், இன்சுலின் ஆகியவை எடையைக் கூட்டக்கூடும். மரபணுவுக்கும் பெரும் பங்கு உண்டு. இவற்றை அறியாமல் ஒருவரைச் சோம்பேறி என்று தீர்ப்பது அநியாயம். உலக சுகாதார நிறுவனம் உடல் நிறை குறியீடு (கிலோவிலுள்ள எடையை மீட்டரிலுள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வரும் எண்) 25ஐ எட்டினால் அதிக எடை என்றும், 30ஐ எட்டினால் உடல் பருமன் என்றும் வகுத்துள்ளது. ஆசிய மக்களுக்கு 23 முதலே கவனம் தேவை. மொத்த எடையில் 5 முதல் 10 சதவீதம் குறைந்தாலே இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பலருக்குச் சீராகும். 80 கிலோ எடையுள்ளவருக்கு அது 4 முதல் 8 கிலோ. வாரத்திற்கு அரை கிலோ முதல் ஒரு கிலோ வரை குறைவது பாதுகாப்பான வேகம். மருத்துவர் எடைக்கென்று மருந்து பரிந்துரைத்தால் அதை ஏற்பது அவிசுவாசம் என்று எண்ண வேண்டியதில்லை. கண்ணாடி அணிவதை யாரும் அவிசுவாசம் என்பதில்லை அல்லவா?

பொறுப்பு என்ற சொல்லை இங்கேதான் சரியாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். எடை இயந்திரத்தில் தெரியும் எண் உங்கள் கைக்குள் இல்லை. நீர்ச்சத்தின் ஏற்ற இறக்கத்தாலேயே ஒரு நாளில் ஒரு கிலோ கூடிக் குறையும். எதை வாங்குகிறீர்கள், எவ்வளவு பரிமாறிக்கொள்கிறீர்கள், எப்போது படுக்கைக்குப் போகிறீர்கள், இன்று நடந்தீர்களா என்பவை உங்கள் கைக்குள் இருக்கின்றன. நம் முயற்சியையும் நமக்குள் கிரியை செய்கிற தேவனையும் பவுல் பிலிப்பியர் இரண்டாம் அதிகாரத்தில் அடுத்தடுத்த வசனங்களில் வைக்கிறார். எனவே "பத்து கிலோ குறையச் செய்யும்" என்று ஜெபிப்பதைவிட, "இன்றிரவு ஒருமுறை பரிமாறியதோடு எழுந்திருக்க உதவும்" என்று ஜெபிப்பது பயனுள்ளது என்பது என் கருத்து.

உணவுக்கு முந்தைய ஜெபத்தையே பயிற்சிக்களமாக்கிக்கொள்ளலாம். பெரும்பாலான வீடுகளில் அது ஒரே மூச்சில் முடிகிறது. ஆமென் சொல்லும்போதே கை உணவில் இருக்கும். அதற்குப் பதிலாக, தட்டில் பாதியைக் காய்கறிக்கும் கால் பங்கைப் புரத உணவுக்கும் ஒதுக்கிப் பரிமாறுங்கள். பாத்திரங்களை மூடி, எழுந்து சென்று எடுக்க வேண்டிய தூரத்தில் வைத்துவிட்டு, அதன்பின் உட்கார்ந்து ஜெபியுங்கள். ஜெபம் முடிந்ததும் எவ்வளவு பசிக்கிறது என்று உங்களையே கேளுங்கள். வயிறு நிறைந்த உணர்வு மூளைக்கு எட்ட ஏறத்தாழ 20 நிமிடங்கள் ஆகும் என்பதால், இரண்டாம் முறை பரிமாறுவதை அதுவரை தள்ளிப்போடுங்கள்.

இன்னொரு கடினமான வேளை, வீடு உறங்கியபின் குளிர்சாதனப் பெட்டியின் கதவைத் திறந்துகொண்டு, என்ன வேண்டுமென்று தெரியாமல் அந்த மங்கிய வெளிச்சத்தில் நிற்கும் நேரம். அங்கே பெரும்பாலும் பசி இருக்காது. களைப்போ, துக்கமோ, தனிமையோ இருக்கும். சாக விரும்பிச் சூரைச்செடியின் கீழே படுத்த எலியாவை தேவதூதன் கடிந்துகொள்ளவில்லை. எழுப்பி உணவளித்தான், எலியா மறுபடியும் உறங்கினான். உறக்கம் குறைந்தால் பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் கூடி, நிறைவை உணர்த்தும் லெப்டின் என்ற ஹார்மோன் குறையும் என்று இன்றைய உடலியல் சொல்கிறது. கதவை மூடிவிட்டுப் படுக்கைக்குச் செல்வதே பல இரவுகளில் சரியான விடை.

உடற்பயிற்சி வாரத்திற்கு 150 நிமிட வேகநடையும், தசைகளை வலுப்படுத்தும் பயிற்சி இரண்டு நாட்களும் போதும்.

உபவாசத்தைப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு: அதை எடை குறைப்புத் திட்டமாக மாற்றாதீர்கள். மூன்று நாள் உபவாசித்து மூன்று கிலோ குறைந்தது என்று சாட்சி சொல்பவர் பொய் சொல்லவில்லை. ஆனால் உடல் சர்க்கரையைச் சேமித்து வைக்கும் வடிவமான கிளைக்கோஜனின் ஒவ்வொரு கிராமோடும் ஏறத்தாழ மூன்று கிராம் நீர் பிணைந்திருப்பதால், குறைந்ததில் பெரும்பகுதி நீரே. வழக்கமான உணவுக்குத் திரும்பியதும் அது திரும்பிவிடும். உபவாசத்தை மறைவாகச் செய்யும்படி இயேசு மத்தேயு ஆறாம் அதிகாரத்தில் கற்பித்ததையும் நினைவில் கொள்ளுங்கள். இன்சுலின் அல்லது சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரை எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் உபவாசித்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கக்கூடும். கர்ப்பிணிகளும், உண்ணும் கோளாறு இருந்தவர்களும் உணவு உபவாசத்தைத் தவிர்த்து, கைபேசியையோ தொலைக்காட்சியையோ ஒதுக்கி வைக்கலாம்.

ஒரு நாள் தவறிவிட்டால் மறுநாள் பட்டினி கிடந்து பரிகாரம் தேடாதீர்கள். பட்டினியின் முடிவில் மீண்டும் அளவு மீறும். அளவு மீறியதற்குத் தண்டனையாக மீண்டும் பட்டினி வரும். அடுத்த வேளை உணவை வழக்கம்போல் அளவோடு உண்பதே மனந்திரும்புதலுக்கு ஏற்ற செயல். சாப்பிட்டதை வலிந்து வாந்தியெடுப்பது, ஒளித்துவைத்து உண்பது, உணவைப் பற்றிய குற்றவுணர்வு நாள் முழுவதும் வாட்டுவது ஆகியவை இருந்தால், போதகரிடம் ஜெபம் கேட்பதோடு நிறுத்தாமல் மனநல மருத்துவரையும் பாருங்கள்.

சபையில் நம்பிக்கைக்குரிய ஒருவரைத் துணையாக்கிக்கொள்ளுங்கள். வாரத்திற்கு ஒருமுறை அவர் உங்களிடம், "எத்தனை நாள் நடந்தீர்கள், எத்தனை மணிக்குப் படுத்தீர்கள், எந்த வேளை கடினமாக இருந்தது?" என்ற மூன்றை மட்டும் கேட்கட்டும். எத்தனை கிலோ குறைந்தது என்று கேட்க வேண்டாம் என முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.