படம் போன கேம் பெட்டி: உள்ளே இருக்கும் மானிட்டரைச் சரிசெய்வது எப்படி?

காசு போட்டு விளையாடும் பழைய வீடியோ கேம் பெட்டிகள் திருநெல்வேலி, அம்பாசமுத்திரம், தென்காசிப் பக்கம் குடோன்களிலும் பழைய சாமான் கடைகளிலும் இன்னும் அகப்படுகின்றன. வாங்கி வருகிறவர்கள் பெரும்பாலும் சொல்வது ஒன்றுதான்: "சத்தம் கேக்கு, படம் வரல." அடுத்த நாளே ட்யூபைக் கழற்றி எறிந்துவிட்டு எல்சிடி மாட்டப் போய்விடுவார்கள். கொஞ்சம் பொறுங்கள். உள்ளே இருப்பது சேனல் பிடிக்கும் ட்யூனர் இல்லாத ஒரு கலர் டிவி, அவ்வளவுதான். பாளையங்கோட்டையிலோ வள்ளியூரிலோ ட்யூப் டிவி பார்த்துப் பழகிய மெக்கானிக் அண்ணாச்சி ஒருவர் இருந்தால் அவருக்கு இது தெரிந்த சர்க்யூட். உதிரிபாகமும் முக்கால்வாசி டிவி உதிரிபாகமே.

கை வைக்கும் முன்

சுவிட்சை அணைத்தால் போதாது, பிளக்கைப் பிடுங்குங்கள். ட்யூபின் முதுகில் ரப்பர் தொப்பி போட்ட தடித்த ஒயர் ஒன்று போகும். எல்ஓடியிலிருந்து (உயர் வோல்ட் உண்டாக்கும் லைன் அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மர்) வரும் அந்த ஒயரில் 20,000 வோல்ட் அளவுக்கு இருக்கும். அணைத்த பிறகும் ட்யூப் அந்தச் சார்ஜைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பிளாஸ்டிக் பிடி போட்ட நீளமான சப்பை ஸ்குரூடிரைவரின் தண்டில் க்ளிப் ஒயரை மாட்டி, மறுமுனையை ட்யூபின் முதுகைச் சுற்றிப் போகும் பின்னல் கம்பியில் கடிக்க விடுங்கள். போர்டில் இருக்கும் எர்த்தில் மாட்ட வேண்டாம், ஐசி போய்விடும். ஒரு கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, ஸ்குரூடிரைவர் நுனியைத் தொப்பிக்கு அடியில் நுழைத்து உள்ளே இருக்கும் கொக்கியைத் தொடுங்கள். 'டப்' என்று சத்தம் வரலாம், வராமலும் போகலாம். சில நிமிடம் கழித்து இன்னொரு முறை தொடுங்கள், ஏனென்றால் சார்ஜ் கொஞ்சம் மறுபடி ஊறி வரும்.

அப்புறம் மெயின் கண்டன்சர் (கெபாசிட்டர்). 230 வோல்ட் நேராக டயோடுக்குப் போகும் போர்டில் அது சுமார் 325 வோல்ட் வரை ஏறியிருக்கும். ஹோல்டரில் மாட்டிய குண்டு பல்பின் இரண்டு ஒயரையும் அதன் கால்களில் வைத்து இறக்கி, மீட்டரில் பூஜ்யம் காட்டுகிறதா என்று பாருங்கள். ட்யூபின் கழுத்து மெல்லிய கண்ணாடி. அதில் முட்டினால் காற்று புகுந்து ட்யூபின் கதை அங்கேயே முடிந்துவிடும். பக்கத்தில் ஒரு ஆள் இல்லாமல் இந்த வேலையில் இறங்காதீர்கள். மீட்டரே பிடித்துப் பழக்கமில்லை என்றால் முதல் பெட்டியை அண்ணாச்சி கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் நின்று பாருங்கள்.

என்ன மானிட்டர் அது?

பெட்டியின் பக்கவாட்டுப் படத்தையும் பெயரையும் நம்பக் கூடாது. கேம் போர்டும் மானிட்டரும் பல கை மாறியிருக்கும். இரண்டு இடத்தில் தேடுங்கள்: சேஸிஸ் போர்டில் (மானிட்டரின் சர்க்யூட் போர்டு) அச்சடித்த எண், ட்யூபின் முதுகில் ஒட்டிய லேபிள். இரண்டும் வேறு வேறு கம்பெனியாக இருந்தால் வியப்பில்லை, இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். அமெரிக்கப் பெட்டி என்றால் வெல்ஸ்-கார்ட்னர் கே7000, எலக்ட்ரோஹோம் ஜி07 போன்றவை வரும். இத்தாலியின் ஹான்டரெக்ஸ், ஜப்பானின் நானாவ் ஆகியவையும் பேர் போனவை. உள்ளூரில் கட்டிய பெட்டியில் டிவி சேஸிஸையே மாற்றி வைத்திருப்பதும் உண்டு. எண் கிடைத்தால் சர்க்யூட் படம் கிடைக்கும், அது கிடைத்தால் பாதி வேலை முடிந்தது.

கேம் போர்டிலிருந்து மானிட்டருக்கு வருவது சிவப்பு, பச்சை, நீலம், சிங்க் (படத்தை நிலையாக நிறுத்தும் சிக்னல்), எர்த் என்று சாதாரணமாக ஐந்து ஒயர். 1985-இல் ஜப்பானில் வந்த ஜாமா (JAMMA) என்ற பொது ஒயரிங் முறை என்றால் 56 முனை கனெக்டர் ஒன்றில் எல்லாமே அடக்கம். பழைய போர்டுகளில் பெரும்பாலானவை 15 கிலோஹெர்ட்ஸில் (நொடிக்குச் சுமார் 15,000 கிடைக்கோடு வரையும் வேகம்) ஓடுபவை. நம் டிவி 15,625 ஹெர்ட்ஸ், அமெரிக்க, ஜப்பான் டிவி 15,734 ஹெர்ட்ஸ். இந்த நெருக்கத்தால்தான் டிவி சேஸிஸும் இங்கே ஒத்துப்போகிறது. கம்ப்யூட்டர் மானிட்டர் 31 கிலோஹெர்ட்ஸ், அதை நேராக மாட்டினால் படம் நிற்காது. அட்டாரியின் 1979 ஆஸ்டராய்ட்ஸ் போல கோடு கோடாக வரையும் வெக்டர் மானிட்டர் உங்களுக்கு அகப்பட்டால் அது தனி வித்தை, கீழே வருவது அதற்குப் பொருந்தாது.

கரண்ட் கொடுக்கும் முன் இன்னொன்று. அமெரிக்க மானிட்டர் 110–120 வோல்ட்டுக்குச் செய்தது. ஜி07, கே7000 இரண்டிலும் சேஸிஸ் எர்த்தே லைனோடு சேர்ந்து 'சூடாக' இருக்கும், அதனால் லைனிலிருந்து பிரித்து வைக்கும் ஐசோலேஷன் ட்ரான்ஸ்ஃபார்மர் கட்டாயம். இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள். கடையில் கிடைக்கும் மலிவான 230–110 பெட்டிகள் பலவும் ஆட்டோ ட்ரான்ஸ்ஃபார்மர். வோல்ட் இறங்கும், லைனிலிருந்து பிரிக்காது. தனித்தனி இரண்டு சுற்று உள்ளதா என்று கேட்டு வாங்குங்கள். வாங்கிய பிறகு உள்ளே போகும் ஒயருக்கும் வெளியே வரும் ஒயருக்கும் இடையே மீட்டர் வைத்துப் பாருங்கள், தொடர்பே காட்டக் கூடாது.

சீரிஸ் பல்ப்

டிவி கடைகளில் சுவரோரம் ஒரு குண்டு பல்ப் தொங்குமே, ஷார்ட் இருந்தால் கரண்டைத் தடுத்துப் போர்டைக் காப்பதற்குத்தான். மானிட்டருக்குப் போகும் ஒரு ஒயரில் 100 வாட் குண்டு பல்பை இடையில் கோத்துவிடுங்கள். எல்இடி பல்ப் இதற்கு உதவாது. பளிச்சென்று எரிந்து மங்கினால் நல்லது. பிரகாசமாகவே நின்றால் எங்கோ ஷார்ட். டீகாஸ் காயிலை (ட்யூபில் ஏறும் காந்தத்தைப் போக்கும் சுற்று) முதலில் கழற்றி வையுங்கள், அதுவும் ஆரம்பத்தில் நிறைய கரண்ட் இழுத்துக் குழப்பும்.

ஷார்ட் என்றால் முதல் சந்தேகம் எல்ஓடியை ஓட்டும் லைன் ட்ரான்சிஸ்டர். பிளக்கைப் பிடுங்கி, கலெக்டருக்கும் எமிட்டருக்கும் இடையே மீட்டரை இரு பக்கமும் மாற்றி வைத்துப் பாருங்கள். இரு பக்கமும் பூஜ்யம் என்றால் அது போய்விட்டது. பேஸுக்கும் எமிட்டருக்கும் இடையே சில பத்து ஓம் காட்டினால் பயப்பட வேண்டாம், சில ட்ரான்சிஸ்டருக்குள் ரெசிஸ்டர் வைத்தே செய்திருப்பார்கள். புதிதைப் போடும்போது மைக்காவும் வெள்ளைப் பேஸ்டும் மறக்காதீர்கள். மாற்றியதும் மறுபடி போனால் எல்ஓடியைச் சந்தேகப்படுங்கள்.

ட்ரை சோல்டர், கண்டன்சர்

நான் சொல்வது இதுதான்: எந்தப் பாகத்தையும் மாற்றும் முன் போர்டைத் திருப்பிப் பாருங்கள். எல்ஓடி கால்கள், யோக் (கழுத்தில் மாட்டிய, படத்தைத் திரையில் விரிக்கும் காயில்) கனெக்டர், லைன் ட்ரான்சிஸ்டர், கழுத்தில் மாட்டும் பேஸ் போர்டு ஆகியவை சூடேறி ஆறி ஆறி, காலைச் சுற்றி ஈயத்தில் வட்டமாக மெல்லிய விரிசல் விழுந்திருக்கும், இதுதான் ட்ரை சோல்டர். நல்ல வெளிச்சத்தில் லென்ஸ் வைத்தால் தெரியும். நம் ஊர் வெயிலில், பின்கதவு அடைத்த பெட்டிக்குள் இது சீக்கிரமே வரும். பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதிதாக 60/40 ஈயம் வையுங்கள். மேலே அப்பினால் நிற்காது. உவரி பக்கக் கடற்கரையிலிருந்து வந்த பெட்டி என்றால் கால்களில் பச்சைக் களிம்பும் இருக்கும், ஸ்பிரிட் தொட்டுப் பிரஷ்ஷால் தேய்த்து எடுங்கள்.

அதன்பின் எலக்ட்ரோலிடிக் கண்டன்சர்கள். இவ்வளவு வயதான போர்டில் ஒவ்வொன்றாகச் சோதிப்பதைவிட எல்லாவற்றையும் மாற்றுவதே மேல். மைக்ரோஃபாரட் அதேதான் இருக்க வேண்டும், வோல்ட் அதற்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கலாம், 105 டிகிரி வகையாகக் கேளுங்கள். ஒன்றைக் கழற்றி ஒன்றைப் போடுங்கள், மைனஸ் பக்கம் மாறினால் வெடிக்கும்.

படம் சொல்லும் குறை

திரையில் ஒற்றைக் கோடு மட்டும் வந்தால் வெர்டிகல் பகுதி வேலை செய்யவில்லை. உடனே வெளிச்சத்தைக் குறையுங்கள், இல்லையென்றால் கோடு திரையின் உள்பூச்சான பாஸ்பரில் பதிந்துவிடும். வெர்டிகல் ஐசி, அதைச் சுற்றிய கண்டன்சர்கள், யோக் பிளக் மூன்றையும் பாருங்கள். பேக்-மேன் போன்ற கேம்களில் ட்யூபைப் பக்கவாட்டில் சாய்த்து வைத்திருப்பார்கள். அங்கே இந்தக் கோடு நெட்டாகத் தெரியும். அதைப் பார்த்து ஹாரிசாண்டல் குறை என்று நினைத்து எல்ஓடி வாங்கி வருகிறவர்கள் உண்டு.

கழுத்துக்குள் ஆரஞ்சு வெளிச்சமே இல்லை என்றால் ஹீட்டருக்குச் சப்ளை வரவில்லை, பேஸ் போர்டைப் பாருங்கள். படம் ஓரத்தில் நெளிந்தால் மெயின் ஃபில்டர் கண்டன்சர். ஓடிக்கொண்டே இருந்தால் சிங்க் ஒயர் அல்லது ஹோல்ட் திருகு. ஒரு நிறம் மட்டும் காணவில்லையா? கேம் போர்டிலிருந்து வரும் இரண்டு நிற ஒயரை இடம் மாற்றிப் பாருங்கள். காணாமல் போன நிறம் மாறினால் குறை கேம் போர்டு பக்கம். மாறாவிட்டால் பேஸ் போர்டு அல்லது ட்யூப். திரை முழுக்க வெளுத்துச் சாய்வுக் கோடுகள் தெரிந்தால் எல்ஓடியில் இருக்கும் ஸ்கிரீன் குமிழைக் கொஞ்சம் குறையுங்கள். அதன் பக்கத்தில் இருப்பது ஃபோகஸ்.

படம் வந்ததும் முதலில் பி பிளஸ் வோல்ட்டை (சேஸிஸின் முக்கிய டிசி சப்ளை) அளந்து சர்க்யூட் படத்தில் சொன்ன அளவுக்கு வையுங்கள். ஜி07-க்கு 120 வோல்ட். அதைக் கூட்டிப் படத்தைப் பெரிதாக்கும் பழக்கம் எல்ஓடியைக் கொல்லும். பெரிதாக்க வேண்டுமானால் அகலக் காயிலின் ஃபெரைட்டைப் பிளாஸ்டிக் திருகியால் திருப்புங்கள், இரும்புத் திருகி அதை உடைத்துவிடும். கேம் போர்டில் டெஸ்ட் சுவிட்ச் இருந்தால் கட்டம் போட்ட படம் வரும், அதை வைத்துச் சீர் செய்யலாம்.

எல்லாம் செய்தும் படம் மங்கலாகவே இருந்தால் ட்யூப் தேய்ந்துவிட்டது. அணைத்த திரையிலேயே பழைய கேமின் எழுத்துகள் தெரிந்தால் பாஸ்பர் எரிந்துவிட்டது. இரண்டுக்கும் வழி வேறு ட்யூப்தான். பழைய சாமான் கடையில் கிடக்கும் டிவியிலிருந்து அதே அளவு, அதே கழுத்துப் பின் அமைப்பு உள்ள ட்யூபைப் பாருங்கள். வாங்கும் முன் இரண்டு யோக்குகளின் ஹாரிசாண்டல், வெர்டிகல் காயில்களையும் மீட்டரில் அளந்து பாருங்கள். அளவு நெருங்கி வந்தால் டிவியின் யோக்கோடு அப்படியே எடுத்து வரலாம். வரவில்லை என்றால் உங்கள் பழைய யோக்கையே புது ட்யூபில் ஏற்றி, நிறங்கள் ஒன்றுசேரும்படி கழுத்து வளையங்களை அண்ணாச்சியை வைத்துச் சரிசெய்ய வேண்டியிருக்கும். அதற்கு அரை நாள் ஒதுக்குங்கள்.